பின்வளவுக் கிணறு

மற்ற வீட்டு ஆம்பிளைகள் பென்சன் எடுத்தால் கோயில், தோட்டம் என்று ஒதுங்குவார்கள். என் வீட்டுக்காரர் பழைய வீடு பார்க்கக் கிளம்பினார். பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருடம் பஸ் நேரம் குறிக்கும் ரைம்கீப்பராக இருந்த சசிகரனுக்கு எந்தத் தீவுக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்பதெல்லாம் தேவாரம் மாதிரி மனப்பாடம். சனிக்கிழமைகளில் பஸ் ஏறுவோம். எங்காவது இறங்கி நடந்து, ஆளில்லாத ஒரு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவோம். அவருக்கு முகப்பும் தூணும் வேண்டும். எனக்குக் குசினி போதும். அங்கே சமைத்தவள் எந்த ஜன்னலால் வெளியே பார்த்திருப்பாள் என்று நின்று பார்ப்பதில் எனக்கு ஓர் ஆசை.

அன்றைக்குப் புங்குடுதீவு. காலையிலேயே காரியம் பிழைத்துவிட்டது. அவர் படலையைத் தாண்டிப் போய்விட்டார், கண்ணாடி மேசையில் கிடக்கிறது. "இஞ்சாருங்கோ, கண்ணாடி!" என்று கூப்பிட்டுவிட்டேன்.

வெளிக்கிட்ட ஆளைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் போகிற காரியம் சரிவராது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. மற்றவர்களுக்குப் பயம், இவருக்குச் சட்டம். திரும்பி வந்து கதிரையில் இருந்தார். செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி வெளிக்கிட்டார். நாங்கள் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, புங்குடுதீவால் போகும் குறிகட்டுவான் பஸ் போய்விட்டது. பஸ்ஸைத் தவறவிட்ட ரைம்கீப்பரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், செத்த வீட்டுக்காரன் தோற்றான்.

"பின்னாலை கூப்பிடாதையும் எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்?" என்று பஸ் நிலையத்தில் சனத்துக்கு நடுவில் கத்தினார். "வாய் இல்லை உமக்கு, ஒலிபெருக்கி!"

வரிசையில் நின்ற இரண்டு பெட்டையள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சரி. இனி நான் வாயே திறக்கேல்லை," என்றேன். "தலையிலை இடி விழுந்தாலும் உங்களைக் கூப்பிடமாட்டன்."

அடுத்த பஸ்ஸில் அவர் முன் ஆசனத்தில் இருந்தார், நான் மூன்று வரிசை தள்ளி. மண்கும்பானில் பாதிச் சனம் இறங்கியது, வேலணையில் மிச்சம். புங்குடுதீவுப் பாலத்தில் ஏறியபோது பஸ்ஸில் ஐந்தாறு பேர்தான். இரண்டு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. நாங்கள் இறங்கிய இடத்தில் வேறு யாரும் இறங்கவில்லை.

"அண்ணை, இஞ்சை ஆர் இருக்கினம்?" என்று கொண்டக்டர் கேட்டான்.

"ஒருத்தரும் இல்லை. வீடு பாக்க வந்தனாங்கள்."

அவன் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தான். "மூண்டே முக்காலுக்குத் திரும்பி வருவம். அதை விட்டால் இண்டைக்கு வேறை பஸ் இல்லை," என்றான்.

அரை மணி நேரம் பேசாமல் நடந்தோம். மதிலுக்கு மதில் பெரிய வீடுகள், எல்லாக் கேற்றிலும் துருப்பிடித்த பூட்டு. ஒரு வீட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு ஆலமரம் நின்றது. அவ்வளவு தூரத்துக்கும் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. நாயாவது குரைத்திருக்கலாம்.

நாங்கள் பார்க்கப் போன நாற்சார் வீட்டுக்காரர் மாத்தறையில் கடை வைத்திருந்தவர். பிள்ளைகள் கனடாவில். கேற்றுப் பூட்டின் திறப்பு பக்கத்து வளவில் தனியாக இருக்கும் அன்னப்பிள்ளை அக்காவிடம். சசிகரன் திறப்பை வாங்கிக்கொண்டு விறுவிறென்று போய்விட்டார். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினா.

"பிள்ளை, பின்வளவுக்கு மட்டும் அவரைப் போகவிடாதேங்கோ. கிணத்துக்கட்டு இடிஞ்சு போச்சு. கொடி மூடிக் கிடக்கு, கிணறெண்டே தெரியாது. போன மாதம் எங்கடை பசு விழுந்தது. தூக்க ஏலாமல் போச்சு, அதுக்குள்ளையே கிடக்கு."

"ஓம் அக்கா, சொல்லுறன்," என்றேன்.

சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நான் முதலில் வாய் திறந்தால் சனத்துக்கு முன்னால் அவர் கத்தியதெல்லாம் சரி என்று ஆகிவிடும். அவர் ஒரு சொல் பேசட்டும். "நிலாந்தி" என்று பெயரைச் சொன்னாலே போதும், உடனே சொல்லிவிடலாம். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

வீட்டுக்குள் வௌவால் எச்சத்தின் நெடி. கதவுகளை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், நிலைகளில் பிணைச்சல் மட்டும் தொங்கியது. அவர் நடுமுற்றத்தில் நின்று தூண்களைத் தடவினார், போனில் படம் எடுத்தார், என் பக்கம் திரும்பவேயில்லை. நான் குசினிக்குப் போனேன். அடுப்புக்கு மேலே சுவர் இன்னும் கரிப்பிடித்தபடி இருந்தது. ஜன்னல் பின்வளவைப் பார்த்திருந்தது. காற்று திரும்பியபோது அதனூடாக ஒரு மணம் வந்தது. செத்த மாட்டு மணம்.

அப்போது அவர் பின்வாசலால் இறங்கி வளவுக்குள் போனார்.

வீட்டின் பின்பக்கம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கப் பார்த்தார். போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக ஓரடி வைத்தார். கூரை முழுதாகப் படத்துக்குள் வரவில்லைப் போலும். இன்னும் ஓரடி. அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளிப் பச்சைக் கொடி ஒரு பாயைப் போல விரிந்து கிடந்தது. அதன் ஓரத்தில் இடிந்த கட்டின் கற்கள் எனக்கு நன்றாகத் தெரிந்தன. ஜன்னலுக்கும் அவருக்கும் நடுவில் ஒன்றுமில்லை. மெல்லக் கூப்பிட்டாலே கேட்டிருக்கும்.

நான் கூப்பிடவில்லை.

பயத்தில் வாயடைத்துப் போனேன் என்று மற்றவர்களுக்குச் சொல்லலாம். உண்மை அதில்லை. கூப்பிடாதையும் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள் என்று மனதுக்குள் சொன்னேன். சொன்னபோது எனக்கு அது சுகமாக இருந்தது. ஏழடி. ஐந்தடி. அந்த இரண்டு சிரித்த பெட்டையளும் என் கண்ணுக்குள் நின்றார்கள். மூன்றடி என்றபோது சுகம் போய்விட்டது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

அவருடைய குதிக்கால் கல்லில் தட்டியது. மல்லாந்து விழுந்தார். போன் கையிலிருந்து பறந்து கொடிக்குள் போனது. ஒரு கணம் கழித்துக் கீழே தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது.

நான் எப்படி அங்கே போனேன் என்று எனக்குத் தெரியாது. அவர் இடுப்புவரை வெறும் கொடியின் மேல் கிடந்தார், கொடி மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்தது, கையைப் பிடித்தேன். கற்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து உள்ளே விழுந்தன. கடைசியில் அவரை மண்ணில் இழுத்துப் போட்டுவிட்டு நானும் பக்கத்தில் விழுந்தேன்.

"கிணறு," என்றார். "கிணறெண்டே தெரியேல்லை. உமக்குத் தெரியுமோ?"

"எனக்கு என்னெண்டு தெரியும்?" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கல்யாணம் கட்டின முப்பது வருடத்தில் தன் தாயின் செத்த வீட்டில்கூட அழாத மனிதர். "நிலாந்தி, காலமை பேசினதை மனசிலை வைச்சிருக்காதையும். நீர் இல்லாட்டி நான் இண்டைக்கு முடிஞ்சன்," என்றார். என் கையில் மண் ஒட்டியிருந்தது, அதைத் தன் கிழிந்த சட்டையால் துடைத்துவிட்டார். வெட்கத்தில் எனக்கு அந்தக் கிணற்றுக்குள்ளேயே இறங்கிவிடலாம் போல இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை. இனி எதற்கு, ஆள் தப்பிவிட்டார்தானே என்று நினைத்தேன்.

திறப்பைக் கொடுக்கப் போனோம். அவருடைய கிழிந்த சட்டையையும் கல் கீறிய கையில் இரத்தத்தையும் கண்டதும் அன்னப்பிள்ளை அக்கா தலையில் கை வைத்தா.

"ஐயோ தம்பி, கிணத்தடிக்கே போனனீங்கள்? நான் பிள்ளையிட்டைச் சொல்லிவிட்டனான் எல்லோ, உங்களைப் போகவிடவேண்டாம் எண்டு!"

அவர் என்னைப் பார்க்கவில்லை, கையில் இருந்த திறப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்து, "ஓம் அக்கா, இவ சொன்னவ," என்றார். "நான்தான் கேக்காமல் போனனான்."

அக்கா தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னா. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார் அவர். அதுவும் பொய், இன்னும் ஒன்றரை மணி நேரம் கிடந்தது.

ஒழுங்கைக்கு வந்ததும் அவர் நின்றார். திட்டுவார், கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"நீர் முன்னாலை நடவும்," என்றார்.

நடந்தேன். பூட்டிய கேற்றுகளைத் தாண்டி, ஆலமரம் முளைத்த வீட்டைத் தாண்டி நடந்தேன். அவருடைய செருப்புச் சத்தம் பின்னால் ஒரே அளவில் வந்துகொண்டிருந்தது. நான் மெதுவாக நடந்தால் அதுவும் மெதுவாகியது. தரிப்பிடத்தில் அவர் என் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. பஸ் வந்ததும் என்னை முதலில் ஏறவிட்டு, எனக்கு நேர் பின் ஆசனத்தில் போய் இருந்தார். பாலம் தாண்டி, வேலணை தாண்டி, யாழ்ப்பாணம் வந்து சேரும்வரைக்கும் என் பிடரி கூசிக்கொண்டே இருந்தது.