ஆசிட் தின்ற எண்

பர்னபாஸ் நீட்டிய தகட்டை அருணாசலவடிவு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். தகடு பளபளத்தது. அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

இதற்காகத்தான் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் தூத்துக்குடி திரேஸ்புரத்துக்கு ஓடி வந்திருந்தாள். இரண்டாம் உலகப்போர் முடிவில் ஜெர்மனியில் பிடிபட்ட சோதனை விமானங்களைப் பற்றி நான்கு வருட ஆராய்ச்சி. சில விமானங்கள் ஒருமுறைகூடப் பறக்காமலே சிக்கியவை. அவற்றின் பின்சாய்ந்த இறக்கைகளிலிருந்து ஜெயித்தவர்கள் கற்றது, பின்னால் வந்த ஜெட்களில் தெரிந்தது. அப்படி ஓர் இறக்கை சரக்குக் கப்பலோடு தூத்துக்குடிக் கடலில் மூழ்கியது என்பது அவளுடைய ஐந்தாம் அத்தியாயம். ஆதாரம் இல்லையென்றால் அத்தியாயத்தைத் தூக்கிவிடுவதாகப் பேராசிரியர் சொல்லிவிட்டார். நாளையோடு கெடு முடிகிறது.

அவள் சொல்லிவைத்திருந்தபடி முந்தாநாள்தான் பர்னபாஸ் போன் செய்தார். சங்கு குளிக்கப் போன இடத்தில் இறக்கை மாதிரி ஏதோ கிடப்பதாகவும், ஒரு தகட்டைக் கழற்றி வந்ததாகவும், பாசிக்கடியில் எழுத்தும் நம்பரும் தெரிவதாகவும் சொன்னார். போட்டோ அனுப்பட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றது அவள்தான். வாட்ஸ்அப்பில் ஏறினால் வேறு யாராவது முந்திக்கொள்வார்களோ என்ற பயம்.

"யாவாரிகிட்ட சங்க அழுக்கோட காட்டுவமா தங்கச்சி? நீங்க வாரியேன்னுதான் ஜெப்ஸி ஆசிட்டுல முக்குனா."

சங்கின் தோலை உரிக்கிற ஆசிட், அலுமினியத்தைச் சும்மா விடுமா? நுரை பொங்கியதைப் பார்த்து, அழுக்குதான் கழல்கிறது என்று இன்னும் கொஞ்ச நேரம் ஊறவிட்டாளாம் அவர் மனைவி ஜெப்ஸி. நேற்று பர்னபாஸ் மறுபடி முங்கிப் பார்த்திருக்கிறார். இறக்கை கிடந்த இடமே தெரியாமல் மணல் மூடிக் கிடந்ததாம்.

அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. குரலைத் தணித்தார்.

"நம்பர் ஒங்களுக்குத் தெரியும்லா? சங்குல பேர் வெட்டுத மகாராஜன்கிட்ட குடுப்போம். அச்சு அசலா வெட்டிருவான். எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

நம்பர் தெரியும். கப்பலின் சரக்குப் பட்டியலில் பார்த்து மனப்பாடமாகியிருந்தது. கால்மணி நேர வேலை. நான்கு வருடம் பிழைத்துவிடும். அதற்குள் பர்னபாஸ் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டார். அவளும் எழுந்தாள். பழைய எழுத்தில் ஒன்றாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"கடைசில ஏழு. நம்ம போட்டு நம்பரும் ஏழுலதான் முடியும். அதான் மறக்கல."

பட்டியலில் இருந்த எண் மூன்றில் முடிந்தது.

அவர் தப்பாகப் பார்த்தாரா, அது வேறு ஏதோ விமானமா, இனி கடவுளுக்குத்தான் தெரியும். அவள் மறுபடி உட்கார்ந்தாள். பேராசிரியருக்குப் போன் போட்டு, அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னாள்.

நல்லதாய்ப் போயிற்று, முப்பது பக்கம் குறையும் என்றார் அவர்.