அவருடைய வசனங்கள்

எங்கள் வீட்டில் வேதம் வாசிப்பது ஆளுக்கொரு வசனமாகத்தான். முதல் வசனம் என் வீட்டுக்காரர், இரண்டாவது நான், மூன்றாவது மறுபடி அவர். கல்யாணமான மறுநாள் காலையிலேயே போட்ட சட்டம். சட்டம் போடுவதில் மனுஷனை அடித்துக்கொள்ள ஆளில்லை. காய்ச்சலோ சண்டையோ, ஒரு நாள் விட்டதில்லை. சண்டை என்றால் என் வசனத்தைக் கடுகடுவென்று படிப்பேன். அவர் வேண்டுமென்றே குழைந்து குழைந்து படிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இப்போதும் தினம் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் வேதத்தைத் திறக்கிறேன். என் வசனங்களை மட்டும் படிக்கிறேன். அவருடையது வந்தால், அவர் படித்து முடிக்கும் நேரம்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். கண்ணைக்கூட அந்த வரியில் ஓட்டமாட்டேன். பைத்தியம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அதையும் நானே படித்துவிட்டால், அவர் இனி வரமாட்டார் என்று ஒத்துக்கொண்டதாகிவிடாதா? முடிந்ததும் ஜெபம் கிடையாது. ஆண்டவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. என் மனுஷன் படுக்கையில் கிடந்தபோது தொண்டை வற்றக் கெஞ்சினேன். என்ன பலன்?

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு இரண்டு முனை. எதிரே நிற்பவளை எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு அவள் வாயே திறக்கவில்லை.

"என்னடி, இன்னிக்கு மௌன விரதமா?"

"அம்மாவ மேல வார்டுல சேர்த்திருக்கோம்க்கா. நாளைக்கு ஆபரேஷன். பயத்துல கண்ணே மூடல. நீங்கதான் தினம் பைபிள் படிப்பீங்களே, வந்து கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன். நாங்க சர்ச்சுக்குப் போறவங்க இல்ல. ஆனா அம்மாவே கேட்டுச்சு."

"நான் படிச்சா வெளங்கின மாதிரிதான்" என்றேன். விடுவாளா? சாப்பாட்டு இடைவேளையில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பையில் கிடந்த வேதத்தை எடுத்து, காலையில் விட்ட இடத்திலிருந்து திறந்தேன். வரிசை மாற்றிப் படித்து எனக்குப் பழக்கமில்லை. "சாகக் கெடந்த ஒரு ராஜாவோட கதைம்மா" என்று மட்டும் சொன்னேன். போயும் போயும் இதுவா வரவேண்டும்?

முதல் வசனத்துக்கு மௌனமாக இருந்தேன். ராஜா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு ஜெபம் பண்ணியதைப் படித்தேன். மறுபடி மௌனம். தீர்க்கதரிசிக்கு ஆண்டவரிடமிருந்து வார்த்தை வந்ததைப் படித்தேன். அதோடு நிறுத்தினேன்.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா கண்ணைத் திறந்தார்.

"என்ன வார்த்தை வந்துச்சும்மா?"

நான் தலையைத் தூக்கவில்லை.

"ராஜா செத்துட்டானா? பரவால்ல, சொல்லு. நான் தாங்கிக்குவேன்."

சொல்லிக்கொண்டே போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். வாயாடி பின்னாலிருந்து என் முதுகில் இடித்தாள்.

"படிங்கக்கா!"

ஐந்தாம் வசனம். என் வீட்டுக்காரருடையது. விரல் அந்த வரியில் நின்றது, படிக்க வாய் வரவில்லை. உயிரோடு ஒருத்தி என் முகத்தையே பார்த்துத் தவித்துக்கொண்டிருக்கிறாள், நான் யாருக்காகக் காத்திருக்கிறேன்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

படித்தேன். ஜெபம் கேட்கப்பட்டது, அவன் அழுதது பார்க்கப்பட்டது, ஆயுசு கூட்டிக் கொடுக்கப்பட்டது. எல்லாம் என் கரகரத்த குரலில்தான் கேட்டது. வேறு குரல் வரவில்லை.

"அப்பாடா, பொழச்சுட்டான்" என்று அந்த அம்மா மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

எனக்குப் பிடித்துக்கொள்ள அங்கே ஒரு கையும் இல்லை. வெளியே வந்தேன். மாடிப்படியில் யாருமில்லை. அப்படியே உட்கார்ந்தேன்.

"அந்த ராஜாவுக்குக் குடுத்தீங்களே, எங்க வீட்டுக்காரருக்கு ஏன் குடுக்கல?" என்று சத்தமாகவே கேட்டேன். "அவரு செத்துட்டாரு ஆண்டவரே. செத்தே போயிட்டாரு."

அவரை அடக்கம் பண்ணிய பிறகு நான் பண்ணிய முதல் ஜெபம் அது.