தாத்தாவுக்குப் பின்னால் ஓர் எழுத்து

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குயின் ஸ்ட்ரீட்டில் எங்கள் மாடிக்கு எதிர்வீட்டுப் பெண் சுபாஷினி, பதினேழு வயது, ஒரு நாள் கைப்பேசியோடு வந்து, “அங்கிள், இதுல ‘வ’ இருக்கா இல்லையா? நல்லா கேட்டுச் சொல்லுங்க லா” என்றாள். அவள் சரித்திரப் பைத்தியம். தலைவலிக்கு மருந்து கேட்டுப் போனாலும் ஜப்பான்காரன் காலத்தில் என்ன மருந்து இருந்தது என்று கேட்டுவிட்டு வருவாள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

1943. நிபோங் திபாலை அடுத்த ரப்பர் தோட்டத்தில் ஒரு லோரி வந்து நின்றது. அதன் சக்கரங்களில் அப்பியிருந்த செம்மண்—

[செம்மண்ணை நான் பார்த்தேனா? லோரியையே பார்க்கவில்லை. விட்டுவிடுகிறேன்.]

3

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சுபாஷினியின் கொள்ளுத்தாத்தாவை ஜப்பானியர்கள் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் பிழைத்து வந்தார் என்பது அவர்கள் வீட்டுப் பெருமை. அவள் அப்பா கோகிலன் அந்தக் கொள்ளுத்தாத்தாவின் படத்துக்குத் தினமும் மாலை போடுகிறார். சயாமில் மாண்டவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டத்தில் பேசப் போவது சுபாஷினி.

அதற்காக அவள் நிபோங் திபால் போய் அய்யாக்கண்ணு என்ற பெரியவரின் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்தாள். அவர் பழைய ராணுவக்காரர், இளம் வயதில் சரவாக் எல்லையில் சண்டை போட்டவர். அதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். கடைசியில், கைக்குழந்தையாக இருந்தபோது போய்த் திரும்பாத தன் அப்பாவைப் பற்றி, அம்மா சொன்னதாக ஒரே வாக்கியம்:

“எங்கப்பாவ ஒங்க தாத்தா(வ) சயாமுக்குக் கொண்டு போனாங்க.”

அடைப்புக்குறி என்னுடையது. அந்த இடத்தில் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது.

4

‘வ’ இருந்தால் இரண்டு பேரையும் யாரோ கொண்டு போனார்கள். இல்லாவிட்டால் கொண்டு போனவர் அந்தத் தாத்தா, அதாவது சுபாஷினியின் கொள்ளுத்தாத்தா.

(‘போனாங்க’ உதவாதா என்று கேட்பீர்கள். உதவாது. ஜப்பானியர்கள் பலர் என்பதாலும் ‘போனாங்க’, தாத்தா பெரியவர் என்பதாலும் ‘போனாங்க’. ‘போனான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் வெளியே வந்திருக்கும். அந்தப் பிள்ளை முகத்துக்கு நேரே அவர் எப்படிச் சொல்வார்? நம் மரியாதை இப்படியும் காலை வாரும்.)

தாத்தா அந்தத் தோட்டத்தில் மண்டோர், ஆட்களை வேலை வாங்கியவர். [மீசை வைக்கலாமா? வேண்டாம். மீசை வைத்தால் தீர்ப்பு எழுதியதாகிவிடும்.]

பதினோரு தடவை கேட்டேன். மோட்டார் சத்தம்தான் கேட்டது.

5

முடிவு அ: அவள் பதிவை அழித்துவிடுகிறாள். சுபாஷினியைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

முடிவு ஆ: தாத்தாவையும் மிரட்டித்தான் ஆள் பிடிக்க வைத்தார்கள் என்று தெரியவருகிறது. இருக்கலாம். ஆனால் அது என் மனசு சமாதானமாக நான் கட்டுவது.

இப்படி நான் எழுதிக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் கேட்காமலே அய்யாக்கண்ணுவுக்குப் போன் போட்டுவிட்டாள். ‘வ’ உண்டா தாத்தா என்று நேராகவே கேட்டிருக்கிறாள். அவர் சொன்ன பதில்:

“வ போட்டே பேசு பாப்பா. ஒங்கப்பா முன்னுக்கு ஒக்காந்திருப்பாரு.”

இதை அவள் என்னிடம் வந்து சொன்னாள். ‘வ’ இருந்திருந்தால், போடு என்று அவர் ஏன் சொல்ல வேண்டும்? அவளுக்கும் அது புரிந்திருந்தது. “அவர் அப்பா திரும்பி வரல அங்கிள். அவர் போயி எங்கப்பா மனசு நோகக்கூடாதுன்னு பாக்குறாரு” என்று மட்டும் சொன்னாள்.

6

ஞாயிற்றுக்கிழமை. கோகிலன் அய்யாக்கண்ணுவைக் கைபிடித்து அழைத்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார். யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று கோகிலனுக்குத் தெரியாது. சுபாஷினி மைக்கின் முன்னால் நிற்கிறாள். வணக்கம் சொல்லியாயிற்று, ஆண்டு சொல்லியாயிற்று.

“அய்யாக்கண்ணு தாத்தாவின் தந்தையை, என் கொள்ளுத்தாத்தா

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. முன்வரிசையில் இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள், வாய்விட்டு.