ஆஷாட மாதத்துப் பணம்

ஈஜிபுராவில் வீடு பிடிப்பதென்றால் லீனாவுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்: லீஸ். மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் மூன்று வருடத்துக்கு வாடகை என்ற பேச்சே கிடையாது; காலி செய்யும்போது கொடுத்தது அப்படியே திரும்பி வரும். பெங்களூரில் எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் காலம் தள்ளுகின்றன. அவளும் டெரிக்கும் கல்யாண நகையை விற்று, டெரிக்கின் அப்பா விட்டுப்போனதையும் சேர்த்து எட்டு லட்சமாக்கி, அதை வைத்தே இரண்டு வீடு மாறிவிட்டார்கள். பணம் அவர்களுடையதுதான். ஆனால் அதை அவர்கள் கண்ணால் பார்ப்பது வீடு மாறுகிற அன்றைக்கு மட்டும்தான். காலையில் ஒருவர் கொடுப்பார், சாயங்காலம் இன்னொருவர் வாங்கிக்கொள்வார்.

இந்தத் தடவை அந்த வழக்கம் இடறியது. வீட்டுக்காரர் நாராயணசாமி வீட்டை இடித்து நாலு மாடி எழுப்பப்போகிறார். பேங்க் கடன் வந்ததுமே, நல்ல மனிதர், லீஸ் பணத்தை முன்கூட்டியே அனுப்பிவிட்டார். நல்ல காரியம் எதுவும் தொடங்கக் கூடாத ஆஷாட மாதம் முடியும்வரை இருந்துகொள்ளுங்கள், அதற்கப்புறம்தான் இடிக்க ஆள் வரும் என்றார். அதே எட்டு லட்சத்துக்குப் பேசி வைத்திருந்த புது வீட்டின் சொந்தக்காரி யசோதம்மாவோ, ஆஷாட மாதத்தில் சாவியும் கொடுக்க மாட்டேன், பணத்தையும் தொட மாட்டேன், அடுத்த மாதம் சிராவணம் பிறந்ததும் வாருங்கள் என்று கன்னடத்தில் கறாராகச் சொல்லிவிட்டாள். ஆக, எட்டு லட்சம் ஒரு மாதம் டெரிக்கின் கணக்கில் சும்மா கிடந்தது.

“நமக்கு ஆடியும் கிடையாது, ஆஷாடமும் கிடையாது. அவங்க நல்ல நாள் பாக்குறதுக்கு நம்ம பணம் ஏன் லீனா தூங்கணும்?” என்றான் டெரிக்.

டெரிக்குக்கு வைட்ஃபீல்டில் வேலை. ஆபீஸ் பஸ்ஸில் பக்கத்து சீட்காரன் ராகேஷ், போகும்போதும் வரும்போதும் கிரிப்டோ காயின்களைப் பற்றியே பேசுகிறவன். போட்டால் ஃபியூச்சர்ஸில் போடு, ஸ்பாட்டில் வாங்கி வைத்துக்கொண்டு கிழவனாகும்வரை உட்கார்ந்திருப்பாயா என்று டெரிக்கைக் கேலி செய்வான். டெரிக்கும் ஏற்கெனவே சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொஞ்சம் காயின் வாங்கியிருந்தான். அதில் பெரிய லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை.

லீனா டியூஷன் டீச்சர். எதையும் புரியாமல் ஒப்புக்கொள்ள மாட்டாள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவனை உட்காரவைத்துச் சொல்லச் சொன்னாள். ஸ்பாட் என்றால் காசு கொடுத்துக் காயினை வாங்கி வைத்துக்கொள்வது. விலை இறங்கினாலும் காயின் நம்மிடமே இருக்கும், ஏறும்வரை பொறுத்திருக்கலாம். ஃபியூச்சர்ஸில் காயின் நம் கைக்கு வராது. விலை ஏறும், அல்லது இறங்கும் என்று பணம் கட்டுவதுதான். கையில் இருப்பதைப் போலப் பத்து மடங்குக்குக்கூடக் கட்டலாம். ஏறினால் அள்ளலாம், பத்தில் ஒரு பங்கு இறங்கினால் போட்டது முழுவதும் போய்விடும். டெரிக் இதையெல்லாம் மறைக்காமல்தான் சொன்னான். பொய் சொல்லத் தெரியாத ஆள் அவன். ஆசையை மட்டும் அடக்கத் தெரியாது.

லீனாவுக்கு மட்டும் ஆசை இல்லையா என்ன. யசோதம்மாவின் வீட்டில் தெருவைப் பார்த்தபடி தனி வாசலுடன் ஒரு முன்னறை இருந்தது. இப்போது டியூஷன் பிள்ளைகள் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்கிறார்கள். குக்கர் விசில் அடித்தால் பாடம் நின்றுபோகும். அந்த முன்னறையைப் பார்த்த நாளிலிருந்து லீனா மனதுக்குள் அங்கே பெஞ்சு போட்டு, போர்டு மாட்டி, வெளியே பெயரும் எழுதிவிட்டாள். புது இடம் என்று பெற்றோர்களிடம் சொல்லியும் ஆயிற்று. கொஞ்சம் லாபம் வந்தால் அந்தப் பெஞ்சுச் செலவு கழிந்துவிடுமே என்று அவளுக்கும் தோன்றியது.

“போட்டா ஸ்பாட்ல மட்டும் போடுங்க. அது நம்ம பொருள். ஃபியூச்சர்ஸ் பேச்சு இந்த வீட்டுல வேணாம்” என்றாள்.

பெரிய ஆபத்திலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அவளுக்கு. யசோதம்மாவின் ஆஷாடத்தைக் கிண்டல் செய்தவர்கள், காயின் வாங்குவதற்கு மட்டும் வியாழக்கிழமை வரட்டும் என்று காத்திருந்தார்கள். விவேக்நகர் குழந்தை இயேசு கோவிலில் வியாழன்தோறும் நடக்கும் நவநாள் ஜெபம் முடித்து, மெழுகுவத்தி ஏற்றி, வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் நின்றபடியே டெரிக் எட்டு லட்சத்துக்கும் வாங்கினான்.

முதல் வாரம் ஏறியது. டெரிக் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேக் வாங்கி வந்தான். அடுத்த வாரம் இறங்கத் தொடங்கியது, பிறகு மடமடவென்று சரிந்தது. ராகேஷ் ஃபியூச்சர்ஸில் போட்டது ஒரே ராத்திரியில் துடைத்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் பஸ்ஸில் அவன் வாயே திறக்கவில்லையாம். டெரிக் வந்து இதைச் சொன்னபோது அவன் முகத்தில் வருத்தம் பாதி, பெருமை பாதி. நீ சொன்னதைக் கேட்டதால் பிழைத்தோம், நம் காயின் ஒன்றுகூடக் குறையவில்லை என்றான். லீனாவுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். அன்றைக்குப் பிள்ளைகளை அதட்டாமல் பாடம் நடத்தினாள்.

அந்தப் பெருமை யசோதம்மாவின் போன் வரும்வரை இருந்தது. வரும் வெள்ளிக்கிழமை நல்ல நாள், பணத்தோடு வந்துவிடுங்கள், சிராவணத்தில் வீடு கேட்டு எத்தனையோ பேர் வருகிறார்கள், உங்களுக்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றாள் அவள். போன் வந்த அன்றைக்கே நாராயணசாமியின் ஆட்கள் வந்து மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். காயின் குறையவில்லைதான். ஆனால் விற்றால் ஆறு லட்சம்கூடத் தேறாது.

லீனா தன் அண்ணன் கில்பர்ட்டுக்குப் போன் செய்தாள். அவன் மகளின் காலேஜ் பீஸ் கட்டிவிட்டுத் திணறிக்கொண்டிருந்தான். டெரிக்குக்கோ ஏற்கெனவே ஆபீஸ் கடன் சம்பளத்தில் பிடிபட்டுக்கொண்டிருந்தது. யசோதம்மாவிடம் நேரில் போய் இரண்டு மாதம் தவணை கேட்டார்கள். அவள் கோபப்படவில்லை. ஒரு வாரம்கூட முடியாது என்று காபி கொடுத்தே சொன்னாள்.

வீடு திரும்பியதும் டெரிக் போனை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். விற்றால்தான் நஷ்டம், விற்காதவரை நஷ்டமே இல்லை என்று ஆரம்பித்தான். அதற்குமேல் சொல்லத் தயங்கி, பிறகு சொல்லிவிட்டான். இவ்வளவு இறங்கியது திரும்ப ஏறித்தான் ஆகவேண்டும். ஸ்பாட்டை விற்று, அந்தப் பணத்தை ஃபியூச்சர்ஸில் நாலு மடங்குக்குப் போட்டால், கொஞ்சம் ஏறினாலே வெள்ளிக்கிழமைக்குள் எட்டு லட்சம் வந்துவிடும். ஒரே ஒரு தடவை, அப்புறம் தொடவே மாட்டேன்.

லீனாவுக்கு அவன்மேல் கோபம் வரவேண்டும், வரவில்லை. அவள் தன்னைத்தான் நினைத்துக்கொண்டாள். ஸ்பாட் என்றால் பொறுத்திருக்கலாம் என்று அவன் சொன்னதை அப்படியே நம்பினாளே தவிர, பொறுத்திருக்கத் தங்களிடம் நாள் இருக்கிறதா என்று கேட்கவில்லை. தேதி குறித்த பணத்தைக் கொண்டுபோய்க் காத்திருக்கவேண்டிய இடத்தில் போட்டிருந்தார்கள். ராகேஷுக்கு ஒரு ராத்திரியில் வந்தது தங்களுக்கு ஒரு மாதம் கழித்து வந்திருக்கிறது. டீச்சராம் டீச்சர் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“கொஞ்சம் பொறுத்தா ஏறிடும் லீனா. கட்டாயம் ஏறும்.”

“ஏறும்ங்க. எனக்கு அதுல சந்தேகமே இல்ல. அது ஏறுற வரைக்கும் நாம எங்க இருக்கிறது, சொல்லுங்க?”

 விற்பதற்கான பட்டனை அழுத்த டெரிக்குக்கு மனம் வரவில்லை. போனை அவள் வாங்கி அழுத்தினாள். வரிப்பிடித்தம் போக மிச்சம் கணக்கில் வந்து சேர்ந்தது. அப்போதே யசோதம்மாவைக் கூப்பிட்டு, இந்தத் தொகைக்கு உங்களிடம் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில், ஓர் அறையும் சமையலறையும் இருக்கிறது என்றாள் அவள். லீனா சரி என்று சொல்லி போனை வைத்துவிட்டு, டெரிக்குக்கு முன்னாலேயே வாய்விட்டு அழுதாள்.

சிராவணம் முடிவதற்குள் காயின் வாங்கிய விலைக்கே திரும்பி ஏறியது. டெரிக் அதை அவளிடம் சொல்லவில்லை. டியூஷனுக்கு வரும் ஒரு பிள்ளையின் அப்பாதான் பேச்சுவாக்கில் சொன்னார். கேட்டதும் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. விற்றது தப்பு என்று மட்டும் அவள் ஒருநாளும் நினைக்கவில்லை. கீழே முன்னறையில் இப்போது ஒரு தையல்காரர் குடும்பம் இருக்கிறது. படியேறும்போது அந்த வாசலைப் பார்க்காமல் ஏற அவள் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறாள்.