காசு மேசைக்குப் பின்னால் தொங்கிய பலகை

துறைமுகப் பக்கம் ஸெய்னுதீன் முதலாளியின் சாப்பாட்டுக் கடையில் நான் சமையல்காரன். என் தம்பி அப்ராஸ் பரிமாறுபவன். வீதியோரத்தில் ‘நண்டுக் கறிச் சோறு 1500’ என்று பெரிதாக எழுதியிருக்கும். சாப்பிட்டு முடிந்த பிறகு சேவைக் கட்டணம், ஏசி அறைக் கட்டணம், நண்டு உடைத்துக் கொடுத்த கூலி என்று ஏறி, இரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். அந்த பில்லை மேசையில் கொண்டுபோய் வைப்பவன் அப்ராஸ். ஏச்சும் அவனுக்குத்தான்.

“என்ர முகத்தில கள்ளன் எண்டு எழுதியிருக்கா நானா?” என்று ஒருநாள் கேட்டான். அண்ணனை நானா என்பது எங்கள் வழக்கம்.

“எழுதினா அதுக்கும் முதலாளி தனியா பில் போடுவார்” என்றேன். சட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பிறகு சட்டம் வந்தது. எல்லாக் கட்டணமும் சேர்ந்த விலையைத்தான் எல்லாரும் பார்க்கக் காட்ட வேண்டும். அதிகாரி ஒருவர் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். முதலாளி முழு விலையோடு பலகையொன்று எழுதுவித்தார். ஆனால் மாட்டவில்லை.

“இதைக் கண்டா எவன் உள்ளுக்க வருவான்? அதிகாரி வாற அண்டைக்கு மாட்டுவம்” என்று அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் சாத்தி வைத்தார்.

அந்த ஞாயிறு மத்தியானம் ஒரு வேனில் சிலர் வந்தார்கள். நிலாவெளிக் கடலில் குளித்து, குடித்துவிட்டு வந்தவர்கள். நன்றாகச் சாப்பிட்டார்கள். பில்லைப் பார்த்ததும் நீலச் சட்டை போட்டவன் எழும்பினான்.

“வெளியில ஒரு விலை, உள்ளுக்க ஒரு விலையோ? ஆரடா உனக்கு இந்தக் கணக்குப் படிப்பிச்சது?”

“விலை போடுறது நான் இல்ல அண்ணன். முதலாளிட்டக் கதையுங்க.”

“நீதானே கொண்டுவந்து வைச்சனி? நீ சொல்லு.”

முதலாளி காசு மேசையில் இருந்தபடி கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டார். அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை.

முதல் அடியின் சத்தம் குசினிக்குள் கேட்டது. நான் ஓடிவந்தபோது அப்ராஸைக் கதிரையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். கதிரைக் கால் முறிந்தது. முறிந்த காலாலும் அடித்தார்கள். நான் குறுக்கே விழுந்தேன். ஒருவன் குசினிக்குள் புகுந்து, அடுப்பில் கொதித்த நண்டுக் கறியைக் கைப்பிடிச் சட்டியோடு தூக்கிவந்து எங்கள் மேல் வீசினான். என் வலது கைத் தோல் சட்டையோடு கழன்றது. தம்பிக்கு முகம், கழுத்து, எல்லாம். கண் தெரியாமல் கைகளை நீட்டிக்கொண்டு முதலாளியின் குரல் வழக்கமாக வரும் பக்கம் தடவித் தடவிப் போனான்.

“முதலாளி, நீங்க சொல்லுங்க. நீங்க சொல்லுங்க.”

முதலாளி எழும்பி விலகிக்கொண்டார். நீலச் சட்டைக்காரன் குசினியிலிருந்த என் வெட்டுக் கத்தியோடு பின்னால் வந்து தம்பியின் விலாவில் குத்தினான். இழுத்தெடுத்து மறுபடியும் குத்தினான். தம்பி காசு மேசைக்குப் பின்னாலிருந்த சுவரில் கையை ஊன்றினான். கை வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. அவனும் வந்தான்.

அடக்கத்தில் மண் போட எனக்கு இடது கைதான் இருந்தது.

பொலிஸில் முதலாளி சொன்ன கதை வேறு. விலைப்பலகை அன்றைக்கும் காசு மேசைக்குப் பின்னால் தொங்கியதாம். கூடுதலாகக் கேட்டது அப்ராஸாம், தன் பையில் போட. பொலிஸ் வந்தபோது பலகை உண்மையில் அங்கே தொங்கியது, படமும் எடுத்தார்கள். எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய கையோடு மாட்டியிருக்கிறார். பிடிபட்ட நீலச் சட்டைக்காரனின் ஆட்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஏமாற்றினவனோடு வந்த சண்டை என்றார்கள். மீன் வாங்கப் போன இடத்தில் உம்மாவிடம் ஒருத்தி, “உங்கட மகன் அப்படிச் செய்யிற பிள்ளையில்லையே?” என்றாளாம். உம்மா மீன் வாங்காமல் திரும்பி வந்தார். பிறகு வெளியே போகவில்லை.

முதலாளி வீட்டுக்கு வந்தார். “இன்ஷாப், பலகை இருந்தது எண்டு நீயும் சொல்லு. மௌத்தானவனுக்கு இனி என்ன குறையப்போகுது? உம்மாவ நான் பாக்கிறன்.”

“எந்த இடத்தில இருந்தது?”

“காசு மேசைக்குப் பின்னால. இப்பயும் அங்கதான் தொங்குது. வந்து பார்.”

“வாறன்” என்றேன்.

பொலிஸாரும் அந்த அதிகாரியும் விசாரணைக்கு வந்த காலையில் போனேன். பின்வாசலில், ஊருக்குள் திரியும் மான்கள் நின்றன. சமையலில் கழித்த கோவா இலையைத் தினமும் போட்ட தம்பி இனி வரமாட்டான் என்று அவற்றுக்குத் தெரியாது. சுவர்களுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். பொலிஸ் படமெடுத்த பலகையை அசைக்கப் பயந்து, அதைச் சுற்றித்தான் அடித்திருந்தார்கள்.

“பாருங்க சேர், எப்பவும் இருக்கிற பலகை” என்றார் முதலாளி.

நான் பலகையைக் கழற்ற மேசையைத் தாண்டினேன். காசாளர் றம்ஸான் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து என்னை மேசை விளிம்பில் மோதினான். உதடு கிழிந்து வாய் உப்புக் கரித்தது. முதலாளி என் கட்டுப் போட்ட கையைப் பிடித்து முறுக்கினார். ஆறத் தொடங்கிய தோல் திரும்பவும் பிரிந்தது. பொலிஸார் ஓடிவந்து அவர்களை இழுக்குமுன் நான் இடது கையால் பலகையைப் பிடித்துத் தொங்கினேன். ஆணியோடு வந்தது.

பின்னால் பழைய சுவர். மஞ்சளும் எண்ணெயும் இரத்தமும் காய்ந்துபோய், அதில் என் தம்பியின் கை. ஐந்து விரல்களும் பதிந்து, பிறகு கீழே இழுபட்டிருந்தன. அதிகாரி பலகையை எடுத்து முன்பக்கம் பார்த்தார். அதில் ஒரு பொட்டுக் கறி இல்லை.

“இது தொங்கியிருந்தா, அந்தக் கை இதிலதானே பட்டிருக்கும்?” என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி கைபேசியைத் தேடினார்.

நான் எழும்பி, அந்தக் கையின் மேல் என் கையை வைக்கப் போனேன்.

“தொடாதீங்க தம்பி” என்றார் பொலிஸ்காரர். “அது சாட்சி.”

கையை எடுத்துக்கொண்டேன்.