நெய் ஊற்றிய கை

திங்கட்கிழமை பழவங்காடியில் ராஜமணியின் ஹோட்டலில் நெய் ரோஸ்ட். செவ்வாய்க்கிழமை யாரோ விற்கப் போகும் ஃபிளாட்டின் குளியலறைகள். புதன்கிழமை விழிஞ்ஞம் ரோட்டில் மைதீன் புதிதாகத் திறந்த ஹோட்டலில் மறுபடியும் நெய் ரோஸ்ட். வியாழக்கிழமை எல்லாப் படங்களையும் ஒரே மூச்சில் சரிசெய்து அனுப்பிவிடுவான். புகைப்படக்காரன் ஜிபினின் வாரம் இப்படித்தான் ஓடும். சொந்த ஸ்டூடியோ கிடையாது. கேமராவும் இரண்டு விளக்குகளும் ஏறிய ஸ்கூட்டர்தான் அவன் கடை.

சனிக்கிழமை காலை ராஜமணி கூப்பிட்டார்.

"தாசையனை வேலையை விட்டுப் பறஞ்சு விடப்போறேன். நீ உடனே வரணும். உன் கண்ணு வேணும்."

தாசையன் அங்கே தோசைக்கல்லில் நிற்பவர். ஜிபின் போனபோது அடுப்பு அணைந்திருந்தது. தாசையன் கல்லாவுக்கு எதிரே வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்தபடி நின்றார். ராஜமணி போனை நீட்டினார். மைதீன் கடை விளம்பரம். மொறுமொறு ரோஸ்டின் மேல் ஒரு கை நெய் ஊற்றியது.

"இது யாரு கை? நீ படம் பிடிக்கிறவன், சொல்லு."

ஜிபினுக்குச் சிரிப்பு வந்தது. அது அவன் கைதான். கைக்கென்று தனி ஆள் வைக்க எந்தக் கடைக்காரரும் சம்மதிப்பதில்லை. ஒரு கையால் ஊற்றி, மறு கையால் ரிமோட்டை அழுத்துவான். ஆனால் அதைச் சொன்னால் மைதீனுக்கு வேலை செய்ததும் வெளியே வரும். ஓணம் வரை வேறு ஹோட்டலுக்குப் போக மாட்டேன் என்று ராஜமணிக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

"கையைப் பாத்து ஆளை எப்பிடி அண்ணாச்சி..."

"மணிக்கட்டைப் பாருடே."

மணிக்கட்டில் பிறை வடிவில் ஒரு சூட்டுத் தழும்பு. ஜிபின் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை.

தாசையன் மெல்லக் கையை முன்னால் கொண்டுவந்தார். அதே பிறை.

"கை என் கைதான் தம்பி. இந்தச் சூடு இந்தக் கல்லுல பட்டது. ஆனா நான் அந்தக் கடைப் பக்கம் போனதே இல்ல. கை மட்டும் எப்பிடிப் போச்சு?"

"தனியா பஸ் ஏறிப் போயிருக்கும்," என்றார் ராஜமணி. "கண்டக்டர் அரை டிக்கெட்டுதான் கொடுத்திருப்பான். புதன்கிழமை மச்சினன் வீட்டு விசேஷம்னு லீவு கேட்டியே, இதுதான் விசேஷமா?"

"நான் எதுக்கும் சத்தியம் பண்ண மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும் முதலாளி. ஆனா போகலை."

புதன்கிழமை நெய் தன் விரலில் பட்டுச் சுட்டது ஜிபினுக்கு நன்றாக நினைவிருந்தது. தாசையனை அங்கே பார்த்த நினைவே இல்லை. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துப் படத்தைத் திறந்தான். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய படம் அது. மேலடுக்கை அணைத்தான். கை மறைந்தது. அடியில் இன்னொரு கை, தழும்பில்லாமல், அசைந்து மங்கலாக.

அப்போதுதான் புரிந்தது. படத்தில் தன் கை அசைந்து கெட்டுப்போனதால், திங்கட்கிழமை இங்கே தாசையன் நெய் ஊற்றிய படத்திலிருந்து அந்த நல்ல கையை வெட்டி ஒட்டியிருக்கிறான். ஒட்டியதை மறந்தும் போயிருக்கிறான்.

லேப்டாப்பை மூடிவிடலாம். யாருக்கும் தெரியாது. தாசையன் தன் கையை, அது தன்னுடையதுதானா என்பதுபோல், திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அங்க போனது நான். இவரு கையை இங்கேருந்து எடுத்து அங்க ஒட்டிட்டேன்."

ராஜமணி அந்த அடுக்கைப் போட்டும் அணைத்தும் காட்டச் சொல்லிப் பார்த்தார். கை வந்தது, போனது, வந்தது.

"தாசையா, போ. அடுப்பைப் பத்த வை," என்றார்.

தாசையன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே உள்ளே போனார். ஜிபின் தனக்கான ஏச்சுக்குத் தயாரானான். ராஜமணியோ நேற்றுச் சுவரில் மாட்டிய, ஜிபின் எடுத்த படமுள்ள தன் ஃபிளெக்ஸ் பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் ரோஸ்டுல ஆவி பறக்குதே, அது எந்தக் கடை ஆவி?"

"அது... ஓர்மை இல்ல அண்ணாச்சி."

"ரோஸ்டாவது என்னுதா?"

"ஆமா," என்றான் ஜிபின் சட்டென்று. பிறகு திங்கட்கிழமைப் படத்தைத் திறந்து, ஒவ்வோர் அடுக்காக அணைத்துப் பார்க்கத் தொடங்கினான்.