சுற்றிப் பார்க்க வந்தவர்

துறை அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘ஷரத்து’. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் ஏதாவது ஒரு ஷரத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று பேராசிரியர்கள் வைத்த பெயர். அது அவளுக்கும் தெரியும். கோபமில்லை.

அன்று காலை அவள் மேஜைக்கு எதிரே எறும்பு வாத்தியார் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடமாக எறும்புகளையே ஆராய்ந்தவர். ஒரு சொற்பொழிவுக்காகக் கடல் தாண்டி வந்திருந்தார். ஐந்து நாள் விருந்தாளி. விமான டிக்கெட்டை அவரே வாங்கிக்கொண்டு வர வேண்டும். வந்ததும் பல்கலைக்கழகம் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும். மேலே ஒரு சன்மானமும் உண்டு. ஒன்பது நாளுக்கு மேல் தங்கினால் சன்மானம் கிடையாது என்பதால் பயணத் தேதிகளைக்கூட அவளே பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தாள்.

“பாஸ்போர்ட் கொடுங்க சார். நகல் எடுத்துட்டா இன்னைக்கே பணத்துக்கு அனுப்பிடுவேன்.”

“மாசக் கடைசிக்குள்ள கிடைச்சிடுமில்லம்மா? டிக்கெட் காசு என் மச்சான் கொடுத்தது. தன் பையனோட காலேஜ் அட்மிஷனுக்கு எடுத்து வெச்சிருந்தார். முப்பதாம் தேதி கட்டணும்.”

“வெள்ளிக்கிழமையே வந்துடும் சார்.”

நகல் இயந்திரத்தின் மூடியைத் தூக்கியவள், முத்திரை இருந்த பக்கத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். ‘சுற்றுலா’ என்று இருந்தது.

“ஏர்போர்ட் கவுண்ட்டர்ல என்ன சொன்னீங்க சார்?”

“சுத்திப் பார்க்க வந்தேன்னு சொன்னேன்.”

“நான் ஒரு கடிதம் அனுப்பினேனே. அதைக் காட்டுங்கன்னு மூணு தடவை எழுதினேன். தடிச்ச எழுத்துல.”

“பத்திரமா இருக்கும்மா. பெட்டிக்கு அடியில, ஸ்வெட்டருக்குள்ள.” பெருமையாகவே சொன்னார். “மச்சான் ஒரு தடவை வெளிநாடு போய் வந்தவர். ‘வேலை, காசுன்னு வாயைத் திறந்தீங்கன்னா அடுத்த பிளைட்ல ஏத்திடுவான் மாப்பிள்ளை, லெட்டரைக் கண்ணுலயே காட்டாதீங்க’ன்னார். அந்த ஆபீசரும் சிரிச்சுக்கிட்டே குத்திக் கொடுத்துட்டார்.”

அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“விசா ஒண்ணுதான் சார். ஆனா கடிதத்தைக் காட்டியிருந்தா வேற முத்திரை குத்தியிருப்பாங்க. அதுக்குத்தான் நாங்க பணம் தரலாம். சுற்றுலான்னு இருந்தா சல்லிக்காசு தரக்கூடாது.”

“சன்மானம் போனா போகுதும்மா. டிக்கெட் காசு?”

“அதுவும்தான் சார்.”

வாத்தியார் பாஸ்போர்ட்டை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முத்திரையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். எறும்பைப் பார்ப்பதும் இப்படித்தான் போலும்.

“இப்பவே போய் மாத்திச் சொல்லிடறேனே?”

“உள்ள வந்தப்புறம் மாத்த மாட்டாங்க. வெளியே போய்த் திரும்பி வரணும். அதுக்கு இன்னொரு டிக்கெட்.”

அவர் எதிரிலேயே கணக்குப் பிரிவுக்குப் போன் போட்டாள். அங்கே இருந்தவர் இவளுக்கே ஷரத்து சொல்லக்கூடியவர்.

“சுற்றுலாப் பயணிக்கு நாம ஏன் டிக்கெட் எடுக்கணும்?” என்றார்.

“அவர் பேச வந்தவர் சார்.”

“அப்போ கவுண்ட்டர்ல பொய் சொன்னாரா? எழுதிக் கொடுங்க, மேல அனுப்பறேன்.”

“வேண்டாம் சார். விட்டுடுங்க.”

துறைத்தலைவரிடம் ஓடினாள். அவர் நல்ல மனுஷர். “ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்துடலாமே” என்று பர்ஸைக்கூட எடுத்துவிட்டார்.

“அதுவும் பேச்சுக்குக் கொடுத்த காசுதான் சார். நாளைக்கு யாராவது தோண்டினா, அவருக்குத்தான் இனிமே விசா கிடைக்காது.”

“ஏதாவது வழி பாரும்மா. உனக்குத் தெரியாத ஷரத்தா?”

பார்த்தாள். மத்தியானம் வரைக்கும் விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். வெளிநாட்டு விருந்தாளி இறந்துபோனால் உடலை அனுப்பும் செலவுக்குக்கூட ஒரு ஷரத்து இருந்தது. இதற்கு இல்லை.

மூன்று மணிக்கு அரங்கு நிரம்பியிருந்தது. “எறும்பு ஊரக் கல்லும் தேயும்கறாங்க. முப்பது வருஷமாப் பார்க்கறேன், ஒரு கல்லும் தேயல” என்று ஆரம்பித்தார். சபை குலுங்கியது. கடைசி வரிசையில் இருந்தவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மதியம் மீண்டும் அவள் மேஜைக்கு வந்தார்.

“இங்க பார்க்கறதுக்கு என்னம்மா இருக்கு? சுத்திப் பார்க்க வந்தேன்னு சொல்லிட்டேன். அதையாவது உண்மையாக்கிட்டுப் போறேன்.”

சாப்பாட்டு இடைவேளையில் ஆற்றுப் பாலத்துக்குக் கூட்டிப் போனாள். பஸ் டிக்கெட் எடுக்கப் பையைத் திறந்தவளிடம், “அதுக்கு எந்த ஷரத்தும் குறுக்க வராதே?” என்று கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பாலத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்துப் படம் எடுத்தாள். காற்றில் அவர் டை தோளுக்கு மேல் பறந்தது.

அப்போது அவர் போன் அடித்தது. காது கொஞ்சம் மந்தம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

“மாப்பிள்ளை, ஏர்போர்ட்ல ஒண்ணும் தகராறு இல்லையே?”

“இல்ல மச்சான்.”

“நான் சொன்னபடி சொன்னீங்களா?”

“அப்படியே சொன்னேன்.”

“பார்த்தீங்களா? அனுபவஸ்தன் பேச்சுக்கு அதான் மதிப்பு. லெட்டரைக் காட்டியிருந்தா அம்போன்னு போயிருக்கும்.” மச்சான் சந்தோஷமாகச் சிரித்தார். “சரி, இவன் ஃபீஸ் விஷயம். முப்பதாம் தேதிக்குள்ள டிக்கெட் காசு வந்துடுமில்ல?”

வாத்தியார் அவளைப் பார்த்தார். அவள் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கீழே வந்த படகு ஒன்று பாலத்துக்கு அடியில் நுழைந்து மறையும் வரைக்கும் அதையே கவனித்தார்.

“மாப்பிள்ளை? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன் மச்சான். சுத்திப் பார்த்துட்டு இருக்கேன்.”